ரன்டாலா ஏரி அலைத் தர மேம்பாட்டுக் குழுவின் சாதனைகள்

மனித இனம் தோன்றிய நாள் முதலாகப் படகு கட்டியவர்கள் எல்லோருக்கும் ஒரே கவலைதான்: படகுக்குள் தண்ணீர் வந்துவிடக் கூடாதே! தார் பூசினார்கள், பிசின் தடவினார்கள், வாளி வாளியாக மொண்டு வெளியே கொட்டினார்கள். பாவம், விவரம் போதாத காலம். தண்ணீரை மோட்டார் வைத்துப் படகுக்குள்ளேயே இறைத்து, படகைப் பாதி முழுக வைத்து, அந்தக் கோலத்திலேயே அதை ஏரியில் ஓட்டுவதுதான் உயர்ந்த வாழ்க்கை என்று கண்டறிந்த பெருமை நம் காலத்தைச் சேரும். அதிலும் குறிப்பாக, மினசோட்டா மாநிலத்து ரன்டாலா ஏரியின் தென்கரைவாசிகளான எங்களைச் சேரும். அதிலும் மிகக் குறிப்பாக, எங்கள் தலைவர் வெர்லின் ஹாகனைச் சேரும்.

நான் ஓர்லின் ஸ்டென்விக். ரன்டாலா ஏரி மேம்பாட்டுச் சங்கத்தின் செயலாளர். தன்னடக்கத்தோடு சொல்வதென்றால், சங்கத்தின் மிகக் கனமான உறுப்பினர். இந்த இரண்டாவது தகுதி வெகுகாலம் யாருக்கும் பயன்படாமல் கிடந்தது. விருந்துக்குப் போனால் வீட்டுக்காரர் முதலில் என்னைப் பார்ப்பார், பிறகு நாற்காலியைப் பார்ப்பார், பிறகு பெருமூச்சு விடுவார். இப்போதோ கோடை பிறந்தால் என்னைப் படகில் ஏற்றிக்கொள்ள ஏரி முழுக்கப் போட்டி. தொப்பைக்கு இப்படி ஒரு சமூக அந்தஸ்து கிடைக்கும் என்று என் டாக்டர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படகின் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சறுக்குப் பலகையில் நிற்பார். படகு எழுப்பும் அலை நன்றாக அமைந்தால், கயிற்றை விட்டுவிட்டு அந்த அலையின் மேலேயே சறுக்கிக்கொண்டு வரலாம். அலை நன்றாக அமையப் படகு கனமாக இருக்க வேண்டும். வெறும் கனம் போதாது. கனமெல்லாம் ஒரே பக்கமாக, பின்மூலையில் குவிய வேண்டும். அதற்கென்றே பெரிய பைகள் இருக்கின்றன. பம்பு வைத்து ஏரித் தண்ணீரை அவற்றில் நிரப்பினால் படகு ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்த பக்கத்தில் அலை வழவழவென்று எழும். முன்பக்கமும் கொஞ்சம் பாரம் வைத்தால் அலை நீளும். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் இந்த இவ்வளவுக்குள் எங்கள் தலைவர் மூன்று கோடைகாலத்தைத் தொலைத்துவிட்டார்.

வெர்லினின் தொழில் கல்லறைக் கற்கள் செதுக்கி விற்பது. படகின் பெயர் 'அமைதி'. அதன் ஒலிபெருக்கியைப் போட்டால் எதிர்க்கரையில் நாய்கள் ஊளையிடும். தலைவருக்கு எல்லாப் பாக்கியமும் இருந்தது, ஒன்றைத் தவிர. கயிற்றை விட்டால் விழுந்துவிடுவார். விட்ட மறுகணமே விழுந்துவிடுவார். அறுபதை நெருங்கும் ஒரு பெரிய மனிதர் கயிற்றின் நுனியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஏரியைச் சுற்றி வருவதைப் பார்க்க எங்களுக்கே கஷ்டமாக இருக்கும்.

இந்தப் புண்ணில் உப்பு தடவியவர் அவருடைய மைத்துனர் கிரெய்க். மினியாபொலிஸ்காரர். தன் ஏரியில் எடுத்த வீடியோ ஒன்றை அனுப்பியிருந்தார். அதில் அவர் கயிறில்லாமல் அலைமேல் நின்றுகொண்டு, குச்சியில் குத்திய சாசேஜ் ஒன்றைச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தார்.

"யோவ் ஓர்லின், பாத்தியாய்யா இதை?" என்று தலைவர் போனை என் மூக்கில் இடித்தார். "கயிறு இல்ல. சாசேஜ் மேல கடுகு சாஸ் வேற ஊத்தியிருக்கான். அலை மேல நின்னுக்கிட்டு ஊத்தியிருக்கான்!"

"பேலன்ஸ் நல்லா பண்றாரு தலைவரே."

"பேலன்ஸாவது மண்ணாவது! அவன் ஏரி அலை நல்ல அலைய்யா. நான் கயித்தை விட எப்பவோ ரெடி. நம்ம அலைதான் என்னைத் தாங்க ரெடியா இல்ல. ஜூலை நாலு லீவுக்கு அவன் இங்க வர்றான். அவன் கண்ணு முன்னாடி நான் கயித்தை விடணும். விடலைன்னா என் பேரு வெர்லின் இல்ல."

இப்படி ஓர் உன்னதமான பொதுநோக்கத்துக்காகத்தான் 'அலைத் தர மேம்பாட்டுக் குழு' உருவானது. ஏற்கெனவே இருந்த 'தண்ணீர்த் தரக் குழு' அன்றே கலைக்கப்பட்டது. அலையே சரியில்லாத ஏரியில் தண்ணீர் சுத்தமாக இருந்து என்ன ஆகப்போகிறது என்று தலைவர் கேட்டார். 

குழு இராப்பகலாக உழைத்தது. பைகள் போதவில்லை என்று இன்னும் பெரிய பைகள் வந்தன. அவையும் போதவில்லை என்று தலைவர் தம் பட்டறையிலிருந்து, பெயரில் எழுத்துப்பிழை விழுந்து ஒதுக்கிவைத்த கல்லறைக் கற்களைக் கொண்டுவந்து இருக்கைகளுக்கு அடியில் அடுக்கினார். படகை ஓட்டுகிறவர் அவர் மனைவி டார்லா. "என் காலுக்குக் கீழ யாரோ 'அமைதியில் உறங்குகிறார்'னு எழுதியிருக்கு. நான் எப்படிங்க நிம்மதியா வண்டி ஓட்டறது?" என்று அவர் கேட்டார். அந்தக் கல்லைத் தலைவர் திருப்பிப் போட்டார். பெண்களின் உணர்வுகளை மதிப்பதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

அலை வளர்ந்தது. உண்மையிலேயே அழகான அலை. அந்த அலை தினமும் எங்கே போய் முடிகிறது என்பதை மட்டும் குழு ஆராயவில்லை. அது ஐலி கங்காஸின் கரையில் போய் முடிந்தது.

ஐலி, தலைவருக்குப் பக்கத்து வீட்டுப் பெண்மணி. பனி வாரும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் ஒவ்வொருவர் வீட்டு வாசலையும் குளிர்காலம்தோறும் கேட்காமலேயே வழித்துக்கொடுத்தவர். தனி ஆள். கரையோரமாக, தேவதாரு மரத்தில், தம் கையாலேயே ஒரு சவுனா கட்டியிருந்தார். கல்லடுப்பைப் பழுக்கக் காயவைத்து, தண்ணீர் தெளித்து, ஆவியில் உட்கார்ந்து வேர்க்கிற சின்ன மர வீடு. எங்கள் பக்கத்து ஃபின்லாந்து வம்சாவளிக்காரர்களுக்கு அது சாமியறை மாதிரி. "படுக்கறதுக்குத்தான் அந்த வீடு, நான் இருக்கறது இங்கதான்" என்பார் ஐலி. தலைவருக்கு வலது காலை முன்னால் வைத்துத்தான் நிற்க வரும். அதற்குத் தோதான பக்கம் அலை எழும்ப வேண்டும். தம் வீட்டுப் புல்வெளியில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைப் பார்க்கவும் வேண்டும். இந்த இரண்டையும் கூட்டிக் கழித்தால் ஒவ்வொரு முறையும் படகு ஐலியின் சவுனாவை உரசிக்கொண்டுதான் போயாக வேண்டும். அலை வந்து வந்து மண்ணை வாரிக்கொண்டு போனது.

ஜூன் கூட்டத்துக்கு ஐலி வந்தார். ஓரமாக உட்கார்ந்தார். காப்பியை வேண்டாம் என்றார். மறுபடி கேட்டதற்கு வேண்டாம் என்றார். மூன்றாவது முறை கேட்டதும் வாங்கிக்கொண்டார். எங்கள் ஊரில் அதுதான் முறை. முதல் தடவையிலேயே வாங்குகிறவனைப் பிச்சைக்காரன் என்போம். குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அலை... கொஞ்சம் வித்தியாசமா இருக்கு."

எங்கள் பக்கத்துப் பாஷை புரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே வீடு பற்றி எரிந்தால் 'கொஞ்சம் கதகதப்பா இருக்கு' என்போம். 'வித்தியாசமா இருக்கு' என்று ஒருவர் வாய் திறந்து சொல்லிவிட்டால், வேறு ஊராக இருந்தால் அவர் அரிவாளோடு வந்திருப்பார் என்று அர்த்தம்.

"ரொம்ப நன்றி ஐலி! எல்லாம் குழுவோட உழைப்பு" என்றார் தலைவர்.

"இல்ல வெர்லின். சவுனா முன்னாடி ஒரு பெஞ்சு போட்டிருந்தேன். அதையும் தாண்டி ரெண்டு பேர் நடந்து போற அளவுக்கு மண்ணு இருந்துது. இப்ப பெஞ்சு ஏரிக்குள்ள நிக்குது."

"அடடா! உக்காந்தபடியே காலை நனைச்சுக்கலாமே!"

"சவுனாவும் போயிடும்போல இருக்கு."

"ஏரிக்கரையில ஒரு முழம் இடம் கிடைக்காதான்னு ஜனங்க நாயா அலையறாங்க. உங்களுக்கு ஏரியே வீடு தேடி வருது. குடுத்து வெச்சவங்க நீங்க!"

"எதிர்க்கரைப் பக்கமா ஓட்டக் கூடாதா? அங்க வெறும் நாணல்தானே?"

தலைவர் அதிர்ந்துபோனார். "நாணல் கைதட்டுமா ஐலி?"

பாதிரியார் குன்னார் ட்வைட் சமாதானம் பண்ணப் பார்த்தார். எங்கள் லூத்தரன் ஆலயத்தின் மேய்ப்பர். மந்தையில் எந்த ஆட்டையும் பகைத்துக்கொள்ளாதவர். "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஐலிக்கு மண்ணு வேணும், வெர்லினுக்கு அலை வேணும். ரெண்டுமே ஆண்டவனோட படைப்புதானே!" என்று சொல்லிவிட்டு, யாரும் மேற்கொண்டு பேசுவதற்குள் எலுமிச்சை கேக் தட்டைச் சுற்றுக்கு விட்டார்.

ஓட்டுக்கு விட்டோம். படகு போகிற பாதை மாற வேண்டியதில்லை என்று எல்லோரும் கை தூக்கினோம், ஐலியைத் தவிர. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஒருமனதில் ஒரு மனது குறைவதையெல்லாம் நாங்கள் பெரிதுபடுத்துவதில்லை.

இதற்கிடையே குழு ஒரு விஞ்ஞான உண்மையைக் கண்டுபிடித்திருந்தது. கல்லும் பையும் வைத்த இடத்திலேயே கிடக்கின்றன. மனிதன்தான் சொன்னால் நகர்ந்து உட்காருகிறான். ஆகவே உலகின் தலைசிறந்த பாரம் மனிதனே. ஜூலை நாலாம் தேதி குழு உறுப்பினர்கள் அனைவரும் 'உயிருள்ள பாரமாக'ப் படகில் ஏறுவது என்று முடிவாயிற்று. யாரை எங்கே உட்கார வைப்பது என்று கணக்குப் போட ஒவ்வொருவர் எடையும் தெரிய வேண்டும். இங்கேதான் எங்கள் நாகரிகத்துக்குச் சோதனை வந்தது. ஒருவரிடம் போய் 'உங்கள் எடை என்ன' என்று கேட்பதைவிட, அவர் வீட்டு ஜன்னலில் கல்லெறிவது எங்கள் ஊரில் மரியாதையான காரியம்.

தலைவர் சுற்றி வளைத்தார். பாதிரியாரின் வீட்டுக்கு நானும் கூடப் போனேன்.

"பாஸ்டர், உங்க அங்கி... அது என்ன சைஸுங்க?"

"மீடியம்" என்றார் பாதிரியார், கண் இமைக்காமல்.

அந்த அங்கியைத் தைக்க ஆலயத்துத் திரைச்சீலை இரண்டு செலவானது ஊருக்கே தெரியும். தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இல்ல, சும்மா ஒரு கணக்குக்கு. சுமாரா... எவ்வளவு பவுண்டு இருப்பீங்க?"

பாதிரியார் கூரையைப் பார்த்தார். "நூத்தி அறுபது."

"எலும்பு மட்டுமா?" என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏனென்றால் அடுத்தது என் முறை. நான் சொன்ன எடை பொய்யே இல்லை. பத்தாம் வகுப்பில் என் எடை அதுதான். மற்ற உறுப்பினர்களும் அவரவர் வாழ்க்கையின் மிக அழகான வருடத்து எடையையே சொன்னார்கள். கூட்டிப் பார்த்தால் எங்கள் குழு மொத்தமும் ஒரு பாலே நடனக் குழுவைவிட இலேசாக இருந்தது.

"தலைவரே, கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கலாமே?" என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"என்னய்யா பேசற? கூட்டிப் போட்டா பாஸ்டரைப் பொய்யர்னு நானே சொன்ன மாதிரி ஆயிடாதா? அப்புறம் அவர் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

கூட்டவில்லை. மரியாதை காப்பாற்றப்பட்டது. ஆனால் கணக்கில் பாரம் துண்டு விழுந்தது. அதைச் சரிக்கட்டத் தலைவர் எல்லாப் பைகளையும் விளிம்பு வரை நிரப்பினார். சங்கத்திலிருந்து மேலும் நான்கு பேரையும் அழைத்தார். படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று தயாரிப்பாளர் ஒரு தகடு அடித்திருந்தார். டார்லா அதன்மேல் ஒரு மெத்தையைப் போட்டுவிட்டார்.

ஜூலை நாலு, அமெரிக்கச் சுதந்திர தினம். தென்கரையில் எல்லா வீட்டிலும் கொடி. கிரெய்க் வெள்ளைச் சட்டம் போட்ட கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். நாங்கள் படகில் ஏறத் தொடங்கினோம். விருந்தென்றால் வெறுங்கையோடு போகிற பழக்கம் எங்களிடம் கிடையாது. ஆளுக்கொரு கனத்த பீங்கான் பாத்திரத்தில் உருளைக்கிழங்கும் கறியும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் வந்திருந்தது. அந்தப் பாத்திரங்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

"மச்சான், படகு இப்பவே தரை தட்டின மாதிரி இருக்கே!" என்றார் கிரெய்க்.

"அங்கதான் மச்சான் இருக்கு சூட்சுமம்" என்று தலைவர் கண்ணடித்தார். "நீ கரையில நின்னு வீடியோ எடு. அது போதும்."

கிரெய்க் தலைவரின் படகுத்துறையில் நின்றுகொண்டார். பாதிரியாரை முன்னால் உட்கார வைத்தோம். நான் பின்மூலையில், எனக்கென்றே ஒதுக்கப்பட்ட கௌரவ ஸ்தானத்தில் அமர்ந்தேன். மற்றவர்கள் எல்லோரும் என் பக்கமாகவே நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். படகு 'ஹூம்' என்று முனகிக்கொண்டு சாய்ந்தது. டார்லா முடுக்கினார். தலைவர் கயிற்றைப் பிடித்து எழுந்து நின்றார்.

ஐயோ, அந்த அலை! அதை எப்படிச் சொல்வேன்! பச்சைக் கண்ணாடி உருண்டு வருகிற மாதிரி வந்தது. நான் அழுதுவிட்டேன். சவுனாவுக்கு எதிரே வந்ததும் தலைவர் கயிற்றை விட்டார். விழவில்லை! ஒரு கணம், இரண்டு கணம், விழவேயில்லை! "விட்டுட்டாருடோய்!" என்று கத்தினேன். படகே கத்தியது. தலைவர் இரண்டு கையையும் விரித்து மைத்துனர் நின்ற திசையைப் பார்த்தார். கிரெய்க் அந்த நேரம் பார்த்து ஒரு கொசுவை அடித்துக்கொண்டிருந்தார். அதைக் கண்ட அதிர்ச்சியில் தலைவர் தலைகுப்புற விழுந்தார்.

கரையில் ஐலி தனியாகக் கற்களைத் தூக்கிவந்து சவுனாவின் முன்னால் அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் அலை போய் அத்தனை கல்லையும் உருட்டிக்கொண்டு, அதன் பின்னாலிருந்த மண்ணையும் அள்ளிக்கொண்டு திரும்பியது. அவர் எங்களைப் பார்த்துக் கை அசைத்தார். நாங்களும் பதிலுக்குக் கை அசைத்தோம். யார் கை அசைத்தாலும் அசைக்காமல் இருக்க எங்களால் முடியாது.

தலைவரைத் தூக்குவதற்காக டார்லா படகைத் திருப்பினார். திருப்பியதும் எதிரே வந்தது எங்கள் சொந்த அலை. படகின் மூக்கு ஏற்கெனவே தாழ்ந்திருந்தது. அலை மூக்கைத் தாண்டி உள்ளே வந்து பாதிரியாரின் மடியில் உட்கார்ந்தது.

பாதிரியார் ஒன்றும் சொல்லவில்லை. அழைத்தவர் படகில் உட்கார்ந்துகொண்டு 'தண்ணீர் வருகிறது' என்று சொன்னால் படகைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் அல்லவா? இரண்டாவது அலை வந்தது. இந்த முறை சாய்ந்த பக்கமாகவும் வந்தது.

"எல்லாரும் வசதியா இருக்கீங்களா?" என்று டார்லா திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"ரொம்ப வசதிம்மா" என்றேன், இடுப்புவரை தண்ணீரில்.

"இந்த வருஷம் காத்துல ஈரம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் பாதிரியார். அவர் முன்னால் அவருடைய ஹாட்டிஷ் மிதந்து போய்க்கொண்டிருந்தது.

"நேத்துகூட லேசா அப்படித்தான் இருந்துது" என்று இன்னொருவர் ஆமோதித்தார்.

"டார்லா, தப்பா நினைச்சுக்காதே. வண்டியில ஏதாவது... துடைக்கிற துணி இருக்கா?" என்றார் பாதிரியார் கடைசியில்.

டார்லா திரும்பியபோது அவர் உட்கார்ந்திருந்த இருக்கையே தண்ணீருக்குள் போய்விட்டது. "ஐயையோ, முழுகறோமே! ஏன் யாருமே சொல்லலை?"

"நீங்களே பாப்பீங்கன்னு நினைச்சோம்" என்றோம் ஒரே குரலில். 'அமைதி' அமைதியாக விளிம்புவரை அமிழ்ந்து நின்றது. மிதவைச் சட்டைகளின் புண்ணியத்தில் நாங்கள் தக்கைகளாக மிதந்தோம். பிழையாக எழுதப்பட்ட அத்தனை பெயர்களும் அடியில் போய்ச் சேர்ந்தன.

ஐலி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தலைவரையும் சேர்த்து ஒவ்வொருவராக இழுத்துக் கரையேற்றினார். மினசோட்டா ஏரி, ஜூலையிலும் எலும்பைத் தொடும். எங்கள் பற்கள் தந்தியடித்தன. அன்று விடுமுறை என்று அவர் சவுனாவைக் காய வைத்திருந்தார்.

"உள்ள வாங்க. சூடா இருக்கு" என்றார் ஐலி.

"பரவாயில்லை, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றோம், நீலம் பாய்ந்த உதடுகளால்.

"சிரமம் இல்ல. வாங்க."

"இல்லைங்க, இப்படியே வெயில்ல காஞ்சுக்கறோம்." வெயில் மேகத்துக்குள் இருந்தது.

மூன்றாவது முறை கூப்பிட்டதும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தோம்.

நான்கு பேருக்கென்று கட்டிய சவுனாவில் பதினோரு பேர். இரண்டு பக்கமும் படிப்படியாகப் பலகைகள். ஏரிப் பக்கத்தில்தான் ஜன்னல் இருந்தது. வெளியே கிரெய்க் கயிறு கட்டி 'அமைதி'யை இழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேடிக்கையைப் பார்க்க எல்லோரும் ஏரிப் பக்கப் பலகையிலேயே அடைந்துகொண்டோம்.

"வெர்லின், ரெண்டு மூணு பேர் இந்தப் பக்கம் வந்து உக்காருங்க" என்றார் வாசலில் நின்ற ஐலி. "அந்தப் பக்கம் அடியில மண்ணே இல்ல."

"பாஸ்டர், நீங்க போங்க. அங்கதான் நல்லா காத்து வரும்" என்றார் தலைவர்.

"சேச்சே, நீங்க முதல்ல. படகு போன மனுஷன்!"

"ஓர்லின், நீ போயேன்யா."

"பெரியவங்க நீங்க இருக்கும்போது நானா?"

"வெர்லின்!" ஐலியின் குரல் உயர்ந்தது. எங்கள் ஊரில் நான் கேட்ட மிக உரத்த குரல் அது. "என் கையால கட்டினதுய்யா! தயவுசெஞ்சு நகருங்க!"

அந்தக் குரலில் இருந்த கவலை எங்கள் எல்லோரையும் உருக்கிவிட்டது. அவரை நன்றாகப் பார்த்து ஆறுதல் சொல்ல வேண்டுமென்று எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். எழுந்த வேகத்தில் மற்றவருக்கு வழிவிட எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தோம். பலகை முனகியது. அடியில் ஏதோ பொலபொலவென்று உதிர்ந்தது. சவுனா மெதுவாக, ஒரு கிழவர் நாற்காலியில் சாய்கிற மாதிரி, ஏரிப் பக்கம் சாய்ந்து, எங்களோடு, அடுப்போடு, கூரையோடு வழுக்கி இறங்கியது. அடுப்பு தண்ணீரைத் தொட்டதும் எழுந்த ஆவியில் எனக்கு என் தொப்பையே தெரியவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அது எழுப்பிய அலை! படகுத்துறையில் நின்ற கிரெய்க்கை அப்படியே வாரிக்கொண்டு போய்த் தலைவரின் புல்வெளியில் நட்டுவிட்டது. தலைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஈரம் சொட்டச் சொட்ட, "இதுதான்யா! இந்த உருட்டல்தான்! யார் யார் எங்க உக்காந்திருந்தீங்கன்னு யாரும் மறந்துடாதீங்க!" என்று கத்தினார். நாங்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்று கைதட்டினோம்.

ஐலி கரையில் உட்கார்ந்துவிட்டார். சவுனா இருந்த இடத்தில் மண் மொட்டையாகத் தெரிந்தது. அவர் அழவில்லை, அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ போய் அவர் கையில் ஒரு துண்டு எலுமிச்சை கேக்கைக் கொடுத்தார்கள்.

அடுத்த சங்கக் கூட்டம் தலைவர் வீட்டில் கூடியது. முதல் தீர்மானம், அலைத் தர மேம்பாட்டுக் குழுவுக்குப் பாராட்டு. இரண்டாவது தீர்மானத்தைத் தலைவர் எழுந்து நின்று, மிகுந்த மன வருத்தத்தோடு கொண்டுவந்தார்.

"தப்பா நினைச்சுக்கக் கூடாது ஐலி. உங்க சவுனா இப்ப ஏரிக்குள்ள இருக்கு. அலைப் பாதையில கொஞ்சம்... குறுக்க நிக்குது. ஏரிக்குள்ள கட்டடம் கட்ட சங்கத்துல அனுமதி கிடையாது, உங்களுக்கே தெரியும். எப்ப எடுக்கப்போறீங்கன்னு சொன்னா நல்லா இருக்கும். அவசரமே இல்ல. இந்த வாரத்துக்குள்ள எடுத்தாப் போதும்."

"நான் அதை ஏரிக்குள்ள கட்டலை வெர்லின்."

"அதான் சொல்றேன். அனுமதி வாங்காம போயிடுச்சு, பாருங்க."

ஓட்டுக்கு விட்டோம். காப்பிப் பாத்திரமும் கேக்கும் இருந்த பக்கம் நாங்கள் எல்லோரும் நெருக்கமாக உட்கார்ந்திருந்தோம். எதிர்ப்பக்கம் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அவற்றில் ஒன்றில் ஐலி மட்டும். நாங்கள் கை தூக்கினோம். ஐலி எங்கள் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"எடுத்துடறேன்" என்றார். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். படகுல எல்லாரும் ஒரே பக்கம் உக்காந்தீங்க, அது முழுகிச்சு. என் சவுனாவுல ஒரே பக்கம் உக்காந்தீங்க, அதுவும் போச்சு. இங்கயும் எல்லாரும் ஒரே பக்கம்தான் உக்காந்திருக்கீங்க. உங்கள்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், எழுந்து இந்தப் பக்கம் வந்திருந்தா என்னய்யா கொறஞ்சு போயிருக்கும்?"

அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். பாதிரியார் தூக்கிய கையை மற்றொரு கையால் தாங்கிக்கொண்டார். என் கையும் வலித்தது. ஆனாலும் தூக்கிய கையை ஒருவரும் இறக்கவில்லை. முதலில் இறக்குகிறவர் பக்கத்தில் இருப்பவரைக் குறை சொன்னதாக ஆகிவிடுமே! ரன்டாலா ஏரித் தென்கரையின் பண்பாடு அப்படிப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரியின் கரையை முழுசாகத் தின்று தீர்ப்போம். பக்கத்து நாற்காலிக்காரரின் மனம் மட்டும் நோகவிட மாட்டோம்.